மாமனார் வீட்டு வாசலில் மூன்று வேன் ஐஸ்

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சும்மா இருந்தாலே போதும், மரியாதை தானாக வரும். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே.

தூத்துக்குடியில் மாமாவுக்கு ஐஸ் ஃபேக்டரி. படகுக்காரர்கள் இணையப் பக்கத்தில் ஆர்டர் போட்டால் வேனில் ஐஸ் போகும். பட்டனை அமுக்கினால் பக்கம் அசையவே மாட்டேன் என்கிறதாம். காலை இட்லியின்போது மாமா இதைச் சொன்னதும், என் வேலையே அதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். (மேஜைக்கு அடியில் மனைவி ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். எனக்கு உறைக்கவில்லை.)

ஆள் செய்வதுபோலவே பிரவுசரைத் திறந்து, விவரங்களை நிரப்பி, பட்டனை அமுக்கி, பக்கம் பதில் சொல்லும் நேரத்தை அளந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். திரும்பத் திரும்ப அளந்தால்தான் சராசரி தெரியும். பெயருக்கு மாமாவின் பெயர், முகவரிக்கு வீட்டு முகவரி. சோதனைக்கான நகல் பக்கத்தில்தான் ஓடுகிறது என்று நம்பி, அப்படியே ஓடவிட்டுக் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.

சீலா மீன் குழம்பில் பாதிச் சோறு போயிருக்கும். வாசலில் ஹாரன்.

"அண்ணாச்சி, ஐஸை எங்கன இறக்கணும்?" என்றார் டிரைவர்.

மாமா விழித்தார். பின்னால் இன்னொரு வேன் வந்தது, தெருமுனையில் மூன்றாவதும் திரும்பியது. முதலாளி பெயரில் வந்த ஆர்டராயிற்றே என்று, ஃபேக்டரியில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதையே ஏற்றியிருக்கிறார்கள். அதற்குள் துறைமுகத்திலிருந்து போன். மாலைக்குள் கிளம்ப வேண்டிய படகுகள் ஐஸ் இல்லாமல் நிற்கின்றன. அப்போதுதான் புரிந்தது, என் புரோகிராம் ஓடுவது நகலில் இல்லை, நிஜப் பக்கத்தில்.

லேப்டாப்பிடம் ஓடினேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தேன். மாமா பின்னால் வந்து நின்றார்.

"பட்டன் எத்தன செகண்டுல வேல செய்யுதுன்னு பாத்தியளா மாப்ள?"

"இருபது செகண்டு, மாமா."

"நல்லது. அத நிப்பாட்ட எத்தன செகண்டு ஆவும்?"

பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். (லேப்டாப்பில் பேட்டரி என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியும்.) கடைசியில் ஸ்டெல்லாதான் ஃபேக்டரிக்குப் போன் போட்டு, அப்பா பெயரில் வரும் எதையும் ஏற்றாதீர்கள் என்று நிறுத்தினாள்.

வேன்களைத் துறைமுகத்துக்குத் திருப்பி, நானும் ஏறிக்கொண்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். படகுக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐஸைத் தூக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை நனைய, விரல் மரத்துப்போகத் தூக்கினேன். வெயில் சாயும் நேரத்தில் கடைசிப் படகு கிளம்பிய பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது பக்கம் வேகமாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் கல்யாணமோ ஞானஸ்நானமோ, எந்த வீட்டு விசேஷத்திலும் மாமா என்னை மருமகன் என்று சொல்வதில்லை. தோளில் கை போட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவார்:

"இவுகதான் நம்ம ஃபேக்டரிக்குப் பெரிய கஸ்டமர்."