நாச்சிமுத்துவின் விலாவுக்குக் கீழே குடியேறிய அம்மன்

1958 வைகாசியில் சித்தையன்கோட்டைக்குப் பஸ் போதவில்லை. வத்தலக்குண்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குப் புதிதாக அம்மன் குடிவந்திருந்தாள். கோயிலில் அல்ல. தக்காளி போடும் நாச்சிமுத்துவின் இடது விலாவுக்குக் கீழே. உலகத்தில் இத்தனை இடம் காலியாகக் கிடக்க, அவளுக்கு அங்கேதான் வசதிப்பட்டிருக்கிறது.

கட்டி தேங்காய் அளவில் இருந்தவரை அதற்கு வலி என்று பெயர். பூசணி அளவு வந்ததும் அம்மன் ஆனது. பெயர் வைத்தவர் செவிச்சாமி. போன வருஷம்வரை திண்டுக்கல் சந்தையில் கோழி விற்ற சோலைமுத்துதான். நாச்சிமுத்துவைப் பாயில் கிடத்தி, தலைமுதல் கால்வரை மஞ்சள் துணியால் மூடிவிடுவார். அம்மனை நேரில் பார்த்தால் கண் அவிந்துவிடுமாம். கட்டியை இரண்டு தட்டு தட்டி, துணிமேல் காதை வைத்து, அவள் சொல்வதை எடுத்துச் சொல்வார். கிணறு வெட்ட இடம், காணாமல் போன ஆடு, எல்லாம் கட்டிக்குத் தெரியும். பதிலுக்கு ஒரு சேவல்.

மனைவி மூக்காயி நாச்சிமுத்துவை மதுரைக்கு இழுத்துப்போய்க் காட்டியிருந்தாள். டாக்டர் கைநரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். "சிறுநீரகத்துல கட்டி. உள்ளே ரத்தக்குழாய் வெடிச்சா ஆள் போயிருவாரு. சீக்கிரம் அறுத்து எடுக்கணும்."

தடுத்தவன் நாச்சிமுத்துவேதான்.

"அம்மனை அறுக்கச் சொல்றியாடி?"

"ரத்தம் ரத்தமா ஒண்ணுக்குப் போறீக. அதுவும் அம்மன் வேலையா?"

"அது குங்குமம்னு சாமி சொல்லிட்டாரு."

சாமி குறி சொல்லும் வெள்ளிக்கிழமைக்காக மூக்காயி காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் இருநூறு பேர். சாமி வருவதற்குள் நாச்சிமுத்து குங்குமம் கழிக்கக் கொல்லைக்குப் போனான். மூக்காயி வாசல்கதவு, கொல்லைக்கதவு இரண்டையும் சாத்தினாள். பாயில் ஒரு நெல்மூட்டையைக் கிடத்தினாள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூசணி. மேலே மஞ்சள் துணி. அவ்வளவுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வாசல்கதவு திறந்தது. சாமி வந்தார், தட்டினார், காதை வைத்தார்.

"ஏ ஒச்சம்மா! ஓம் மகனுக்கு ஆவணியில கல்யாணம்ங்கறா ஆத்தா. இன்னிக்கு என்னமாக் கணீர்னு பேசுறா!"

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எம் புருசனுக்கு ஆப்பரேசன் பண்ணலாமான்னு கேளுங்க சாமி" என்றாள் மூக்காயி.

சாமி கண்ணை மூடினார். "கத்தி பட்டா ஊரையே எரிச்சிருவேங்கறா. பாரு, கத்தின்னதும் நாச்சிமுத்து ஒடம்பு எப்படி நடுங்குது!"

"யாரு, நானா நடுங்குறேன்?"

குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. கொல்லையிலிருந்து சுற்றிவந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு நாச்சிமுத்து நின்றான். அவன் வயிறு அவன் இல்லாமலே அத்தனை நேரம் பேசியிருக்கிறது.

மூக்காயி துணியை உருவினாள். யாருடைய கண்ணும் அவியவில்லை. சாமி ஓடினார். சேவல் கொடுத்தவர்கள் துரத்தினார்கள்.

மறுநாள் நாச்சிமுத்து மூக்காயியோடு மதுரை பஸ் ஏறினான். ஒரு சிறுநீரகத்தோடு சேர்ந்து ஆறு பவுண்டு கட்டி வெளியே வந்தது. சோதித்துப் பார்த்த டாக்டர் சொன்னார்: "கெட்ட கட்டி இல்ல. வெறும் கொழுப்பும் ரத்தக்குழாயும். மிச்சமிருக்கிற ஒரு சிறுநீரகம் தாராளமாப் போதும்."

ஊர் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். மூக்காயி வீடு திரும்பிய வாரம், ஒச்சம்மாள் தேங்காய் பழத்தோடு வந்து நின்றாள்.

"ஏன்டி, ஆவணியில கல்யாணம்னு சொல்லுச்சே ஒரு பூசணி, அது எங்கே?"

"கூட்டு வச்சுத் தின்னாச்சு."

"அடிப்பாவி! ஆத்தாளையா?"

ஊராரே, கட்டியைத் தட்டினீர்கள். பூசணியைத் தட்டினீர்கள். உங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால், கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.