வள்ளத்துக்குச் சிவப்பு கார்டு

தேடுதல் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒரே ஒரு ஆளைத்தான் இந்த உலகத்தில் நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் குடை மறந்ததில்லை, சாவி தொலைந்ததில்லை. நல்ல தூக்கத்தில் தட்டி எழுப்பி ஊசி கேட்டால் கண்ணைத் திறக்காமலே எடுத்துத் தருவார். அதில் நூலும் கோத்திருக்கும்.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எடம் சார். சார் என்றதும் மீசையை நினைத்துக்கொள்ளாதீர்கள். கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர் சேலை கட்டியிருந்தாலும் சார்தான். நானும் சேலை கட்டிய தமிழ் சார்தான். யாராவது எதையாவது கையில் வைத்துக்கொண்டு முழித்தால் போதும், “இதுக்க எடம் எது?” என்று கேட்பார். அதனால் எடம் சார்.

அவருக்கு ஊர் பாறசாலைதான். சென்னைப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் கைவேலைப் பாடத்துக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். வந்த அன்றே ஆசிரியர் அறையில் என் பக்கம் திரும்பினார்.

“சாரே, ஒரு செவப்பு பேனா கிட்டுமா?”

“அதுக்கென்ன மக்கா” என்று மேசை டிராயரைத் திறந்தேன். போன வருடத்துக் கேள்வித்தாள் வந்தது. பாதிச் சீப்பு வந்தது. காய்ந்த எலுமிச்சம்பழம் வந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“என்ன எண்ணுதிய?”

“ஒண்ணுமில்ல சாரே, சும்மா. நீங்க தேடுங்க.”

அவர் நூறைத் தாண்டிய பிறகு ஒரு பேனா கிடைத்தது. அது நீலம்.

மறுநாளே ஏழாம் வகுப்பில் இதை விளையாட்டாக்கிவிட்டார். பெயர் ‘கடை’. ஒரு சாக்கு நிறையப் பழைய சாமான்களைத் தரையில் கொட்டுவார். பட்டன், ஆணி, புளியங்கொட்டை, உடைந்த பொம்மைக் கை. ஒரு பிள்ளை கடைக்காரர், ஒரு பிள்ளை வாங்க வந்தவர். “மஞ்சள் பட்டன் தாருங்க” என்றதும் கடைக்காரர் தேட வேண்டும். மீதி வகுப்பு முழுக்க ஒன்று, இரண்டு என்று கத்த வேண்டும். முதல் ஆட்டத்தில் அந்தக் கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்குப் பாடம் நின்றுபோனது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் தேவையில்லாததை எடுத்துப் போட்டார்கள். அதற்கடுத்து, மீதி இருந்ததற்கெல்லாம் வகைக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் இடம் கொடுத்தார்கள். கடைசி ஆட்டத்தில் ‘மஞ்சள்’ என்று வாயைத் திறக்கும்போதே பட்டன் கைக்கு வந்துவிட்டது. பாதி தமிழ், பாதி மலையாளத்தில் பேசி, ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளைகள், அந்தப் பட்டனைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். நானும்தான்.

கம்பெனியில் ஐந்து பாடமாகச் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகளுக்கு ஐந்து வரியாக்கிக் கொடுத்தார். வேண்டாததை விடு. வேண்டியதற்கு இடம் கொடு. துடைத்து வை. எல்லாரும் ஒரே மாதிரி செய். நாளைக்கும் அதையே செய். சொல்லிக் கொடுத்தார் என்றா சொன்னேன்? தப்பு. விளையாட வைத்தார்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கால்பந்து பைத்தியம். அதனால் அடுத்த ஆட்டத்துக்கு விசிலும் சிவப்பு கார்டும் வந்தன. பயன்படாத பொருளைக் கண்டால் விசிலை ஊதிக் கார்டைக் காட்ட வேண்டும். அந்தப் பொருள் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே விசில். என் டிராயர் முதல் நாளே வெளியேறியது. தலைமை ஆசிரியர் அறையில் மூன்று கால் நாற்காலி ஒன்றுக்கும் கார்டு விழுந்தது. அவர் மலையாளக்காரர், நல்ல மனுஷர்.

“எடோ, அது எனிக்கு செண்டிமெண்ட் ஆணு!” என்று ஓடி வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், காலு மூணுதான் உண்டு” என்றாள் நடுவர்.

பிறகு நிழல் வரைகிற ஆட்டம் வந்தது. துடைப்பம் மாட்டுகிற இடத்தில் துடைப்பத்தின் உருவத்தைச் சுவரில் வரைந்து வைப்பது. பொருள் இல்லாவிட்டால் வெறும் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். வாளி, மணி, அளவுகோல் எல்லாம் வரைந்து தீர்ந்ததும், காலையில் தலைமை ஆசிரியர் வழக்கமாக நிற்கும் வாசல் சுவரில் அவரையும் வரைந்துவிட்டார்கள். தொப்பை கொஞ்சமும் குறையவில்லை. அவர் தாமதமாக வந்த அன்று அந்த இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்று, “சார் எடத்தில இல்ல” என்று கவலைப்பட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் தாமதமாக வந்ததே இல்லை.

வினை கடலோரப் பொழியூரிலிருந்து வந்தது. பெற்றோர் கூட்டத்தில், சூசை என்ற மீன்பிடிக்காரர் எழுந்து நின்றார். மூன்று கால் நாற்காலிக்குக் கார்டு காட்டிய நடுவர் ஜின்சியின் அப்பா.

“எனக்க மவ எனக்க வள்ளத்துக்கு செவப்பு கார்டு காட்டிட்டா சாரே! ஊருக்காரன்மாரு முன்னால வச்சு, விசிலும் அடிச்சு!”

படகில் கிடந்த கிழிந்த வலை, துருப்பிடித்த தூண்டில், காலி எண்ணெய் டின் எல்லாவற்றையும் ஜின்சி கரையில் குவித்துவிட்டாளாம்.

“பிள்ளைய இஞ்ச விட்டது படிக்கவா, எனக்க வள்ளத்த தூத்து வாரவா? கடலு எங்க வீட்டு வாசலு வரைக்கும் வந்து நிக்குது. இருக்கியதெல்லாம் அது கொண்டு போவுது. மிச்சத்த இவ கொண்டு போறா!”

கூட்டம் சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. வேறு சில பெற்றோர்களும் எழுந்தார்கள். ஒருவர் வீட்டில் ஸ்கூட்டருக்கும் கார்டு விழுந்திருந்தது. தலைமை ஆசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி இந்தக் களி, அதாவது விளையாட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். களி நின்றால் அடுத்த வருடம் எடம் சாருக்கு இங்கே வேலை இருக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எடம் சார் எழுந்தார். குரல் உயரவில்லை.

“அண்ணே, சனிக்கிழமை நான் பொழியூருக்கு வாறேன். மூணு சாமானம் கேப்பேன். ஒவ்வொண்ணையும் நூறு எண்ணி முடியியதுக்குள்ள உங்க வள்ளத்தில இருந்து எடுத்துத் தாருங்க. மூணில ரெண்டு எடுத்தா நான் தோத்தேன். களிய இதோட விட்டுருவேன்.”

“சாரே, அது எனக்க வள்ளமாக்கும்” என்றார் சூசை. “கண்ண கெட்டிட்டு எடுப்பேன்.”

துணைக்கு நானும் போனேன். கரை முழுக்க ஆள். தேர் பார்க்க வந்தது போல நின்றார்கள்.

“வலை தைக்கிய ஊசி” என்றார் எடம் சார். சூசை மடியிலிருந்து எடுத்தார். கரை ஆர்ப்பரித்தது. “நங்கூரக் கயிறு” என்றார். சூசை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். இதென்ன, இவ்வளவு லேசாகவா கேட்பார்கள்?

“எஞ்சினுக்க பிளக் கழத்திய ஸ்பானர்.”

சூசை குனிந்தார். கூட்டம் எண்ணத் தொடங்கியது. நூறு முடிந்த பிறகும் சந்தோஷத்தில் யாரும் நிறுத்தவில்லை. சூசையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் அவர் மனைவி வீட்டிலிருந்து ஓடி வந்தார், கையில் ஸ்பானர். “ஜன்னலு காத்தில அடிக்காம இருக்க இதத்தான் முட்டுக் குடுத்திருந்து!”

கரையே உருண்டு சிரித்தது. இப்போது எடம் சார் பெரிதாகப் பேசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“மூணில ரெண்டு நீங்க எடுத்தாச்சு அண்ணே. நான்தான் தோத்தேன்” என்றார். “சாரே, பஸ் வரும், போவோம்.”

சொன்னபடியே விட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் வகுப்பில் காகிதப் பூ. பிள்ளைகள் கெஞ்சினார்கள், சிலர் அழுதார்கள். “வாக்கு சொல்லியாச்சு மக்கா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. தோற்று இத்தனை நேராக நிற்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வகுப்பில் அன்று பூத்த ரோஜாக்களைப் போல வாடிய ரோஜாக்களையும் பார்த்ததில்லை.

ஜின்சி மட்டும் அழவில்லை. அவள் நியாயம் வேறு. “தோத்தது சாராக்கும். நான் தோக்கல்ல” என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாசல் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துப் போய், வள்ளத்தின் உட்பலகையில் ஸ்பானரின் உருவத்தை வரைந்தாள். பக்கத்தில் புது பிளக்குக்கு ஒரு டப்பா, கத்திக்கு ஓர் உருவம். ஸ்பானரை நைலான் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டினாள். பெயிண்ட் நாறுகிறது என்று மட்டும் அப்பா சொன்னாராம்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் மத்தியானம், சூசை பள்ளிக்கு வந்தார். தோளில் ஒரு நெய்மீன், ஏறக்குறைய ஜின்சி உயரம். தலைமை ஆசிரியர் அறையில் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, உட்காராமல் பேசினார்.

“இன்னைக்கு காலத்த வள்ளம் எறக்கினோம் சாரே. அலை மறிஞ்சு உடையிய எடத்தில போனதும் எஞ்சின் நின்னு. வள்ளம் குறுக்க திரும்பினா தீந்து, எல்லாரையும் கமத்திரும். ரெண்டு பேரு துடுப்பு போட்டு நேரா பிடிச்சானுவ. அடுத்த அலை வாறது தெரியுது. எனக்க கண்ணு அலையில. கை மட்டும் தானா பச்சப் பெயிண்டுக்குப் போச்சு. ஸ்பானர் அங்கண உண்டு. பிளக்கும் உண்டு. மாத்தி ஒரே இழு. எஞ்சின் பிடிச்சிட்டு.”

“தேடியிருந்நெங்கில்?” என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

சூசை கதவருகில் நின்ற மகளைப் பார்த்தார்.

பிறகு எடம் சாரிடம் திரும்பினார். “பந்தயத்தில நான் ஜெயிச்சேன், இல்லியா?”

“ஆமா அண்ணே.”

“ஜெயிச்சவன் சொல்லுதத கேக்கணும். களிய நாளைக்கே தொடங்கணும்.”

எடம் சார் தலையாட்டினார். “வள்ளத்தில இருந்த எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சா?” என்று கேட்டார். வந்தாச்சு என்றார் சூசை. எடம் சார் வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். அன்று அவர் வழக்கமாகப் போகும் பஸ் அவர் இல்லாமலே போனது.

தலைமை ஆசிரியர் எவ்வளவோ முயன்றும், அடுத்த வருடம் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரைப் போட்டுவிட்டார்கள். எடம் சார் இப்போது பெருங்கடவிளைப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். எனக்குப் பெருங்கடவிளையில் சொந்தமோ பந்தமோ வேலையோ எதுவும் கிடையாது. இருந்தாலும், அந்தச் சந்தையில் வாங்குகிற மரச்சீனிக்கிழங்குக்கு ருசியே தனி என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவர் சந்தைக்கு வருகிற சனிக்கிழமை பார்த்துத்தான் பஸ் ஏறுகிறேன்.