குடம் ஒட்டியது, கைப்பிடி கருகியது

புவனகிரி
14.6.2009

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார். நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குக்கரைத் தவிர அனைவரும் நலம். எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

எம்.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "மூணு வருஷத்துல என்னா கத்துக்கினன்னு காட்டு, கையெழுத்துப் போடறேன்" என்றார். அன்றைக்கென்று எங்கள் பிளாஸ்டிக் குடத்தில் விரிசல் விட்டிருந்தது. பழைய கரண்டியைக் காய்ச்சி விரிசல்மேல் வைத்து இழுத்தேன், இளகி ஒட்டிக்கொண்டது. அப்பா பேனாவைத் தேடினார். அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட, அடுத்த வீட்டுச் சவரியம்மாள் அக்கா உடைந்த குக்கர் கைப்பிடியோடு வந்துவிட்டார். நான் மாடியில் துணி எடுத்து வருவதற்குள் அம்மாவே கரண்டியைக் காய்ச்சிக் கைப்பிடிமேல் வைத்துவிட்டார். கைப்பிடி இளகவில்லை, கருகிப் புகைந்தது.

"ஏண்டி, இதுவும் பிளாஸ்டிக்குதான? என் கைன்னா மட்டும் எரியுது!"

இது பேக்லைட் என்றேன். குடத்தில் இருப்பவை நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். ஒன்றையொன்று கட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கண்டக்டர் கத்தினால் சிதம்பரம் பஸ்ஸில் நாம் நகர்வதுபோலச் சூடு பட்டால் நகரும், ஆறினால் அப்படியே நின்றுவிடும். கைப்பிடியில் சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே பிணைப்பு இருக்கிறது, எதுவும் நகராது, சூடு மிஞ்சினால் கருகத்தான் வேண்டும். அம்மாவுக்குப் புரியவில்லை. நான் வாயை மூடியிருக்கலாம்.

"நம்ம குடும்பம் மாதிரிம்மா. மாமா அப்பாவோட தங்கச்சியக் கட்டுனாரு, அப்பா மாமாவோட தங்கச்சியக் கட்டுனாரு. இனிமே யாரும் நகர முடியாதில்ல?"

"அப்ப சூடு வச்சா நாங்க கருகிடுவோம்ங்கிற?" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றேன். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லிப் பழகிவிட்டது மாமா. அம்மா வேறு சிரித்துத் தொலைத்தார்.

"பி.எஸ்சி.க்கே குடும்பத்தக் கருக்கிட்டா. எம்.எஸ்சி. படிச்சா தெருவே மிஞ்சாது" என்று அப்பா பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆனால் மறுநாள் டீக்கடையில், "எம்பொண்ணு ஒட்டுன குடம், ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பால் வாங்கப்போன அம்மா காதால் கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் வந்தால் அந்தப் பேச்சே இல்லை.

விண்ணப்பம் 26-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சொன்ன சொல்லை அப்பா மாற்றமாட்டார், எனக்கும் அவரிடம் மறுபடி கேட்க வாய் வராது. போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

அத்தைக்கு என் வணக்கம். குக்கரைத் துணி சுற்றித் தூக்கும் சவரியம்மாள் அக்காவும் உங்களை விசாரித்தார்.

உங்கள் மருமகள்
இளவரசி

பி.கு.: வருத்தம் இல்லை என்றது பொய். உறைக்குள் இன்னும் ஒரு தாள் இருக்கும், அதுதான் விண்ணப்பம். 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற இடத்தில் தில்லைநாதன், தாய்மாமன் என்று எழுதிவிட்டேன். கூடவே ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். அதில் கல்லூரி முகவரி அப்பா எழுதியது. எதற்கு என்று கேட்காமலே எழுதிக்கொடுத்தார். நீங்களும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, கிடைத்த அன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள் மாமா.