அருச்சுனன் தபசுக்கு ஓர் அனுமதிச் சீட்டு

எழுதிக் கேட்டவர்க்கும் எழுதாமல் கைகட்டி நின்றவர்க்கும் ஒருபடித்தாய் அருளும் திருமகள் கேள்வன் திருவடி வாழ்க. சித்திரைத் திருவாதிரையாகிய இந்நன்னாளில், எங்கள் ஸ்ரீபெரும்புதூர் மாடவீதிகள் நீர் தெளித்துக் கோலமிட்டுப் பொலிந்திருக்கும் வேளையில், அடியார் பெருமை எழுத வேண்டிய நான் ‘புராஜெக்ட்’ என்ற ஒரு மனிதரின் பெருமையை எழுத அமர்ந்திருக்கிறேன். எம்பெருமான் பொறுத்தருள்வான். அவன் பெயரிலும் அவர் ஒருமுறை நிதி கேட்கப் பார்த்தவர்தாம்.

நிதியுதவி பெறத் தகுதியற்ற பொருள் இப்பூவுலகில் ஒன்றுமே இல்லை என்று மனமார நம்பிய மனிதர், நான் அறிந்தவரை, அவர் ஒருவரே. பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஒரகடம் சாலையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் ஒரு பங்கை ஊர் நலத்துக்குச் செலவிட வேண்டும் என்று விதி இருப்பதை ஒருநாள் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அவருடைய இயற்பெயரை அவர் மனைவியும் மறந்தார். ஊருக்கு அவர் புராஜெக்ட்.

எங்கள் கோவில் கோஷ்டியில் நாங்கள் பாசுரம் சேவித்து முடித்ததும் ஒருநாள் ஓடி வந்தார்.

“சாமி, இத்தினி பேரு பொஸ்தகம் பாக்காம ஒரே மூச்சுல பாடிகினு கீறீங்க. இது செம்ம ஃபண்டபிள் சாமி!”

“ஓய், இது பெருமாளுக்குச் செய்கிற கைங்கர்யம். ஃபண்டாவது பிள்ளாவது!”

“அத்தத்தான் சாமி நானும் சொல்றேன். ஃபாரத்துல யாருக்குப் பலன்னு ஒரு கட்டம் கீது. பெருமாள்னு போட்டுக்கலாம். ஆதார் கேப்பாங்க, அத்த நான் பாத்துக்கிறேன்.”

அவரைத் தடுப்பதற்குக் கோவில் பட்டாச்சாரியாரே தேவைப்பட்டார்.

அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வது பாவம். நீர்நிலைகளுக்கு மட்டுமே நிதி தருவோம் என்றது ஒரு கம்பெனி. துரியோதனன் ஒளிந்திருந்த மடுவைப் பற்றி உருக்கமாக எழுதி, பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆர்மோனியம் வாங்கிவந்தார். சாலைப் பாதுகாப்புக்கு மட்டுமே தருவோம் என்றது மற்றொன்று. குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாளும் ஒரு விபத்துமின்றித் தேரோட்டிய கண்ணனைச் சான்று காட்டி, மிருதங்கத்தோடு திரும்பினார். இவற்றுக்கெல்லாம் ஊர்க் கலை மன்றத் தலைவன் என்ற முறையில் முத்திரை குத்தியவன் அடியேன். மன்றத்தின் மொத்தச் சொத்தும் அந்த ரப்பர் முத்திரைதான்.

அந்த ஆர்மோனியமும் மிருதங்கமும் வடக்குப்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைக் கூத்து வகுப்பாயின. வகுப்பு என்று சொன்னால் போதாது. மற்ற நாள்களில் மட்டம் போடும் பிள்ளைகளும் சனிக்கிழமை விடுமுறையன்று பள்ளிக்கு வந்தார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு கம்பெனி. ஓராண்டு முடிந்ததும், பிள்ளைகளின் கூத்தைத் தங்கள் அதிகாரி வந்து பார்ப்பார், அவர் அறிக்கையில் ஒரே ஒரு விதிமீறல் இருந்தாலும் அடுத்த ஆண்டு பணம் இல்லை என்று அக்கம்பெனி சொல்லிவிட்டது. பணம் இல்லையேல் வகுப்பு இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். புராஜெக்ட் அந்த வாரம் சரியாக உண்ணவில்லை என்று அவர் மனைவி வந்து என்னிடம் முறையிட்டார்.

வந்த அதிகாரி பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அன்றைய கூத்து அருச்சுனன் தபசு. பள்ளி மைதானத்தின் நடுவே, படிகள் அறைந்த நெடும் பனைமரத் தண்டு நின்றது. படிக்கொரு பாட்டாகப் பாடி அருச்சுனன் அதன் உச்சிக்கு ஏறுவான்; அங்கிருந்து எலுமிச்சம்பழங்களை வீசுவான்; பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்துவார்கள். பிள்ளைகள் ஏறலாகாதென்று தலைமையாசிரியை ஆணையிட்டதால், வாத்தியாரே அன்று அருச்சுனன்.

“அண்ணாச்சி, இது என்ன மரம்?”

“தபசு மரம் சார். அர்ச்சுனன் ஏறுவாரு.”

“எவ்வளவு ஒசரம்?”

“கைலாயம் வரிக்கும் சார்.”

“ஆறடிக்கு மேல யாரு ஏறுனாலும் பெர்மிட் வேணும் அண்ணாச்சி. அர்ச்சுனனா இருந்தா என்ன, பீமனா இருந்தா என்ன?”

வேறொருவராயின் மனமுடைந்திருப்பார். புராஜெக்டோ தாயைக் கண்ட கன்றானார். பெர்மிட்டைத் தாமே நிரப்பினார். பணியாளர்: அருச்சுனன். பணி: தவம். பணி முடிந்ததற்கு அடையாளம்: சிவபெருமான் தோன்றுதல். எதிர்பார்க்கும் அபாயங்கள்: காற்று, பன்றி. இடத்துக்குப் பொறுப்பாளர் என்ற வரியில் என்னைக் கையொப்பமிடச் சொன்னார். மாலவன் வாசலன்றி மறுவாசல் மிதியாத குலத்தில் பிறந்தவன், பாசுபதம் வேண்டிச் செய்யும் தவத்துக்கு முத்திரை குத்தினேன்.

அருச்சுனன் தோளணியான புஜக்கீர்த்தியின் மேல் பாதுகாப்புப் பட்டை பூட்டி, தங்கக் காகிதம் ஒட்டிய ஹெல்மெட்டை மகுடமாகச் சூடி, அதிகாரி சுற்றிலும் கட்டிய கயிற்று வேலிக்குள் மரத்தை வலம் வந்து ஏறினான். படிக்கொரு பாட்டு என்பது மரபு. படிக்கு இருமுறை கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும் என்பது விதி. மரபும் விதியும் கூடியதால் தவம் நீண்டது. உச்சியை எட்டியபோது மணி ஐந்து.

“அண்ணாச்சி, ஷிப்ட் முடிஞ்சிட்டு. பெர்மிட்டும் அதோட முடிஞ்சிட்டு. ஆளை எறக்குங்க. இல்லன்னா விதிமீறல்னு எழுதிருவேன்.”

உச்சியிலிருந்து வாத்தியார் கத்தினார்: “யோவ் புராஜெக்ட்டு! வரம் வாங்காம அர்ச்சுனன் எறங்கினா ஊருக்கு ஆவாதுய்யா!”

“எலுமிச்சம்பயம் போடாம எறங்கிடுவியா நீ? எறங்கித்தான் பாரேன்!” என்றனர் பெண்கள்.

சிவனை உடனே தோன்றச் செய்யலாமே என்றேன். சிவனாக வேடமிட்ட எட்டாம் வகுப்புச் சிறுமி, “பன்னி சாகாம நான் எப்டி சார் வர்றது?” என்று மறுத்துவிட்டாள். பன்றி அப்போது பள்ளிக்கு வெளியே ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

பெர்மிட்டை நீட்டிக்கலாம், ஆனால் பணியாளர் கையொப்பம் வேண்டும். பணியாளரோ கைலாயத்தில். கயிற்றில் கட்டி அனுப்பலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், வீட்டில் பல்பு மாட்டவும் ஸ்டூலில் ஏறாத புராஜெக்ட், தாளைப் பல்லில் கவ்வி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டார். பாதி தூரத்தில் கீழே பார்த்தார். அவ்வளவுதான். தாள் பறந்தது. மரத்தை இறுகக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சாமி, நான் இங்கியே இருந்துக்கிறேன். வூட்ல சொல்லிடுங்க.”

“ஒரு ஆளுக்குத்தானய்யா பெர்மிட்டு! இப்ப ரெண்டு பேரு நிக்கீங்க!” என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அந்நொடியில் அருச்சுனன் பழங்களை வீசத் தொடங்கினான். பெண்கள் கயிற்று வேலிவரை நெருங்கி முந்தானை விரித்தார்கள். மருங்கில் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன், காணவில்லை. யாரும் தாண்டலாகாது என்று தாமே கட்டிய வேலிக்குள், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் தலையில் இல்லை. அதைக் கூடைபோல் நிமிர்த்தி இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். டொக் என்று ஒரு பழம் அதனுள் விழுந்தது.

அவ்வொலி கேட்டுப் புராஜெக்ட் கண் திறந்தார். அச்சம் அகன்று உள்ளே உறங்கிய சூப்பர்வைசர் விழித்தார்.

“சார்! கயித்துக்கு உள்ள நிக்கிறீங்க சார்! ஹெல்மெட்ட மொதல்ல தலையில போடுங்க!”

அதிகாரி பதறி, பழத்தோடு சேர்த்து ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மைதானம் சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று. அவர் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், “கல்யாணமாகி ஏழு வருசம் ஆச்சு சாமி” என்றார். பிறகு மேலே நோக்கி, “ரெண்டு பேரும் மெதுவா எறங்குங்க. நான் ஒண்ணும் பாக்கல, நீங்களும் ஒண்ணும் பாக்கல” என்று பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகினார்.

பன்றி வந்தது, மாண்டது, சிவன் தோன்றி வரமளித்தான். அருச்சுனன் இறங்கும் வழியில் தன் கொக்கியைப் புராஜெக்டின் இடுப்பில் மாட்டி, குழந்தையைப்போல் அவரைத் தாங்கி வந்தான். தரை தொட்டதும் அவர் அங்கேயே அமர்ந்துவிட்டார். தண்ணீர் கேட்பார் என்று செம்பை நீட்டினேன்.

“சாமி, சனிக்கெயம கிளாஸ் உண்டா?”

“உண்டு ஓய். அதிகாரிதான் ஒன்றும் பார்க்கவில்லையாமே.”

செம்பை விட்டுவிட்டு என் கையைப் பற்றினார். கூட்டம் கலைந்து வெகுநேரமான பின்னும் அவர் அதை விடவில்லை. விடுவித்துக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை.

இதனைப் படித்தோர், படிக்கக் கேட்டோர் யாவரும் தாம் ஏறிய உயரங்களிலிருந்து நலமே இறங்குவாராக. இறங்கும் இடத்தில் பற்றிக்கொள்ள ஒரு கை அவர்க்கு என்றும் வாய்ப்பதாக.