பலக்கே திரும்பிய ஆட்டோ

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பெண் கேட்கப் போன இடத்தில் அது மாமனாரையே கொன்றுவிட்டது.

விருதுநகரிலிருந்து பெங்களூருக்கு வந்த புதிது. நடந்து முடிந்த சாலை விபத்துகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி நடத்திப் பார்ப்பது என் வேலை. வண்டியின் எடை, வேகம், திரும்பிய விதம் எல்லாம் கொடுத்தால் திரையில் அதே விபத்து மீண்டும் நடக்கும். (இதைச் சொல்லித்தான் கவிதாவைக் கவர்ந்ததாக எனக்கு ஒரு நினைப்பு.)

ஜோகுபாளையத்திலிருந்த அவள் அப்பா அவ்வளவு சுலபமாக மசியவில்லை. அந்த வாரம்தான் அவர் ஸ்கூட்டரும் பக்கத்துத் தெரு ஆட்டோவும் மோதியிருந்தன. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு யாரு மேலன்னு உன் பொட்டில காட்டு தம்பி. கல்யாணத்தப் பத்தி அப்பால பேசலாம்."

ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்தேன். "பலக்கே திருகிஸ்தே ஸார்" என்றார் கன்னடத்தில். எனக்குப் பரம சந்தோஷம். பலமாகத் திருப்பியதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாரே! ஹேண்டிலை முழுசாக ஒடித்ததாகக் கணக்கில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, என் கம்ப்யூட்டரை இணைத்த டிவி முன்னால் குடும்பமே கூடியது. பட்டனை அமுக்கினேன். ஆட்டோ சடாரென்று திரும்ப, ஸ்கூட்டர் பறந்தது. அதைவிட உயரமாக மாமனார் பொம்மை பறந்து, லைட் கம்பத்தைத் தாண்டித் தலைகீழாக விழுந்து, அசையாமல் கிடந்தது. நிஜ மாமனார் வாயில் வைத்த பஜ்ஜியைக் கடிக்க மறந்துபோனார்.

"அய்யோ, என்னங்க!" என்று அத்தை அவர் கையைப் பிடித்தார். (கட்டுப் போட்ட கை.)

"பலக்கே திருப்பினேன்னு அவரேதான் சொன்னாரு சார்" என்று உளறினேன்.

கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ செந்தில், கன்னடத்துல பலக்கேன்னா வலது பக்கம்! அவரு வலது பக்கச் சந்துல திரும்பியிருக்காரு, அவ்ளோதான்!"

கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஆட்டோ சாதுவாகத் திரும்பியது. பின்னாலிருந்து ஸ்கூட்டர்தான் முந்தப் பார்த்து, வலப்பக்கம் நுழைந்து, தானே போய் இடித்து, மெதுவாகச் சாய்ந்தது. கவிதாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாமனார் பஜ்ஜியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"தம்பி, மொதல் படத்தையே வெச்சுக்க. அதுல நான் செத்தாலும் தப்பு என் மேல இல்ல."

முதலில் சிரித்தது அத்தைதான். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது நான் 'தம்பி'யிலிருந்து 'மாப்ள' ஆகியிருந்தேன்.

இன்றும் காரை எங்கே வலது பக்கம் திருப்பினாலும் பின்சீட்டிலிருந்து மாமனார் குரல் வரும்:

"மாப்ள, பலக்கே போ... பலமா போவாத!"