கதவு இறுகினால் வேகம்

எஸ்பென் முடிவுக்கோட்டை அடைந்தபோது அங்கே முடிவுக்கோடு இல்லை.

பந்தயம் நடத்துகிறவர்கள் கொடியைச் சுருட்டி, மிதவையைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு, சாசேஜ் ஆறிவிடும் என்று கிளப்புக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். எது கோடு என்று தெரியாமல் எஸ்பென் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் பந்தயத்தை முடித்துக்கொண்டு துறைக்குள் நுழைந்தான்.

"நாம கடைசியா?" என்று மனைவியிடம் கேட்டான்.

முன்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த போடில் நிமிரவில்லை. "கடைசின்னு சொல்லணும்னா முன்னாடி போனவங்க கண்ணுல தெரியணும், எஸ்பென்."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் துறைமுகத்தில் 'டெர்னா'வைப் போல் அழகான படகு இன்னொன்று கிடையாது. போடிலின் அப்பா தன் கையால் கட்டியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படிந்த பைன் பலகைகள், தேன் நிறத்தில் வார்னிஷ், முகத்தில் ஒரு செல்லக் கர்வம். கட்டி வைத்திருக்கும்போது போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். அவிழ்த்து விட்டால்தான் சங்கடம்.

கிளப்பில் கனூட் காத்திருந்தான். வியாழக்கிழமைப் பந்தயம் என்றால் கனூட் ஜெயிப்பான் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

"வாப்பா எஸ்பென்! உனக்குன்னு ரெண்டு சாசேஜ் எடுத்து வெச்சிருந்தோம். அப்புறம் நீ ஜெர்மனி பக்கம் போயிட்டியோன்னு நாங்களே தின்னுட்டோம்."

கிளப்பே சிரித்தது. எஸ்பென் நல்ல மனிதன்தான், ஆனால் பசி வந்தால் நாக்கு அவன் பேச்சைக் கேட்காது.

"சிரிங்கடா, சிரிங்க! இந்த சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு படகையாவது முந்தலேன்னா டெர்னாவை வித்துடறேன்!"

"எனக்கு வித்துடு" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். துறைமுகத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் ஃப்ளெமிங். "ரொம்ப நாளா கண்ணு வெச்சிருக்கேன். நெடுக்க அறுத்தா ஒரு பாதி கடைக்குக் கவுண்டராகும். மறு பாதியில பிள்ளைங்க உக்காந்து சாப்பிடும்."

அவன் கையை நீட்டினான். எஸ்பென் யோசிக்காமல் பிடித்துக் குலுக்கிவிட்டான். நாலு பேர் முன்னால் கொடுத்த கையை அந்த ஊரில் திருப்பி வாங்க முடியாது. போடில் முள்கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எஸ்பென் பயந்திருக்க மாட்டான்.

அடுத்த நாளே அவன் வேலையில் இறங்கினான்.

முதலில் பாய். பழைய பாய்க்குத் தொப்பை விழுந்துவிட்டது என்று விறைப்பான புதுப் பாய் வாங்கிக் கட்டினான். புதுப் பாய் காற்றை அள்ளியது. அள்ளிய வேகத்தில் பாய்மரம் தூண்டில்கோல் மாதிரி வளைந்தது. கடைசி.

"மரம் வளையுதுய்யா. பக்கக் கம்பியை முறுக்கு" என்றார்கள் கரையில் இருந்தவர்கள்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் திருகாணிகளை எஸ்பென் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். மரம் நிமிர்ந்தது. அந்த இழுப்பில் படகின் பலகைகள் இடைவெளி விட்டன. அடியில் தண்ணீர் கசிந்தது, கீழறைக் கூரையிலிருந்த மேல்மூடியிலும் சொட்டியது. மேல்மூடியை மட்டும் பசை போட்டு ஒரேயடியாக அடைத்தான். அடியில் வருவதைப் போடில் வாளியால் இறைத்தாள். மறுபடி கடைசி.

"மரத்தைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சுப் பாரேன்" என்றான் கனூட். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். மரம் பின்னால் சாய்ந்தது. கூடவே பாயின் அடிக்கட்டையும் கீழே இறங்கிவிட்டது. படகு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது எஸ்பெனின் தலையைத் தேடி வந்து தட்டியது. நெற்றியில் வீக்கத்தோடு கடைசி.

கடைசியாக, பாரம்தான் காரணம் என்று அடுப்பு, மெத்தை, பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எறிந்தான். போடிலின் காபி பிளாஸ்க்கும் போயிற்று. காலிப் படகு அலைக்கு அலை துள்ளியது. காபி இல்லாத போடில் அதைவிட மோசம்.

"இன்னும் என்ன மிச்சம்? என்னையும் இறக்கி விட்டுடேன்" என்றாள்.

"நீ இறங்கிட்டா யாரு தண்ணி இறைக்கறது?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

அப்படியும் இந்த மனிதனை மெச்சாமல் இருக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் எப்போதோ கையைக் கழுவியிருப்பார்கள். எஸ்பென் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு நேரே துறைக்கு ஓடி வருவான். கம்பியை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, "இன்னும் அரைச் சுருதி ஏத்தணும்" என்பான். இன்னொரு முறுக்கு முறுக்குவான்.

இதற்குள் புதிய தொல்லை ஒன்று கிளம்பியது. கம்பி இறுக இறுக, படகின் உடம்பே நெளிந்து, கீழறையின் சின்னக் கதவு சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"கதவு இழுத்தா வரமாட்டேங்குது. கம்பியைத் தளர்த்து" என்றாள் போடில்.

"தளர்த்தவா? ஐயோ, உனக்குப் புரியல. கதவு இறுகினா கம்பி சரியா இருக்குன்னு அர்த்தம்! என்னிக்கு இந்தக் கதவு சுத்தமா திறக்கலியோ, அன்னிக்கு டெர்னா பறக்கும்."

"அப்பா கட்டினப்போ கதவும் திறந்துச்சு, படகும் ஓடுச்சு."

"அது அந்தக் காலம்."

போடில் கதவின் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

சீசனின் கடைசி வியாழன் வந்தது. மதியம் எஸ்பென் துறைக்கு வந்தபோது படகின் மேல்தளத்தில் நட்டநடுவே நீளமாக ஒரு சாக்பீஸ் கோடு. முன்னாலிருந்து பின்னால் வரை நேராக இழுத்திருந்தது.

"அறுக்கறதுக்கு அடையாளம்" என்றான் ஃப்ளெமிங், கையில் அளவு நாடாவோடு. "தப்பா நெனக்காதே. ரம்பக்காரன் நாளைக்குக் காலையில வர்றான்."

எஸ்பென் கைக்குட்டையை நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்கொழுப்பில் கொடுத்த வார்த்தைக்கு இந்தப் படகு என்ன பாவம் செய்தது? மாமனார் முகத்தை நினைத்தான், போடிலின் முகத்தை நினைத்தான். பிறகு திருகாணிகளை இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். அவனுக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

போடில் அன்று அவனுக்கு முன்பே வந்து படகில் இருந்தாள். புது பிளாஸ்க்கில் காபி வேறு கொண்டுவந்திருந்தாள். அவள் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை.

காற்று பலமாக இருந்தது. கொம்பு ஊதியதும் படகுகள் கிளம்பின, டெர்னா வழக்கம்போல் பின்தங்கியது. எஸ்பென் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாய்மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஸ்பென், உள்ள தண்ணி சத்தம் கேக்குது."

"நீ போய் இறை."

"எனக்கு முதுகு வலிக்குது. ஒரு தடவை நீதான் போயேன். நான் சுக்கானைப் பிடிச்சுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே வாளியுடன் கீழறைக்குள் குனிந்து போனான். பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் மோதினான். ஊஹும்.

"போடில்! கதவு இறுகிடுச்சு!"

"அப்படியா? அய்யய்யோ!"

மாட்டிக்கொண்ட பயம் பாதி, பெருமை பாதி. "சுத்தமா திறக்கல! பாத்தியா, நான் சொன்னேன்ல? கம்பி உச்சத்துல இருக்கு!"

"ஆமா, ஆமா. நீ அங்கயே உக்காந்துக்கோ."

"பாயை இறக்கிட்டுக் கரைக்குப் போயிடலாமா?"

"கரைக்குப் போனா காலையில ரம்பம் வரும்."

அது உண்மைதான். எஸ்பென் மெத்தையில்லாத பலகையில் உட்கார்ந்து, உள்ளிருந்தபடியே கட்டளைகளைப் போட்டான். "பாயை இழு! இல்ல, விடு! காத்துக்கு நேரே போகாதே! ஒண்ணையும் தொடாதே!" மேலே ஏதோ உலோகம் கிறீச் கிறீச்சென்று சுழலும் சத்தம் கேட்டது. பிறகு படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. துள்ளல் நின்றது. பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடத் தொடங்கியது.

சின்ன வட்ட ஜன்னலில் ஒரு படகின் பின்பக்கம் தெரிந்தது. அப்புறம் அதன் நடுப்பக்கம். அப்புறம் முன்பக்கம்.

"ஏய் போடில், எல்லாரும் ஏன் பின்னாடி போறாங்க?"

"சும்மா இரு, எஸ்பென்."

ஜன்னலில் இன்னொரு படகு, பிறகு மற்றொன்று. கடைசியில் கனூட்டின் படகும் அவனுடைய திறந்த வாயும் தெரிந்தன. எஸ்பென் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினான். சற்று நேரத்தில் தலைக்கு மேலே கொம்பு ஊதியது.

"யாரு ஜெயிச்சது?" என்று கத்தினான்.

"நாமதான்" என்றாள் போடில்.

துறையில் கட்டியதும், "கம்பியைக் கொஞ்சம் தளர்த்து!" என்று உள்ளேயிருந்து ஆணையிட்டான். மேலே ஏதோ உரசும் சத்தம். கதவு திறந்துகொண்டது.

"தளர்த்தினதும் திறந்துக்கிச்சு பாரு!" வெளியே வந்தவன் வேறெதையும் பார்க்கவில்லை. பாய்மரத்தை அண்ணாந்து பார்த்து, அதைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஃப்ளெமிங்கூட, ரம்பக்காரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, போடிலுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று கிளப்பில் எஸ்பென்தான் ராஜா. நடு மேசையில் உட்கார்ந்து, மிளகு டப்பாவைப் பாய்மரமாக நிறுத்தி விளக்கினான்.

"எல்லாம் இறுக்கத்துல இருக்கு. படகோட ஆத்மாவே கம்பிதான். அளவு தெரியணும்னா கதவைப் பாரு. கதவு பிடிக்கணும்!"

"என் கதவு லேசா திறக்குதே" என்றான் கனூட் கவலையோடு.

"அதான் உன் குறை. நாளைக்கே முறுக்கு."

கனூட் மரியாதையாகத் தலையாட்டினான். ஒருவர் போடிலிடம் திரும்பினார். "நீ தனியா சுக்கானைப் பிடிச்சுட்டு என்ன பண்ணினே?"

"நான் என்ன பண்ணினேன்? சும்மா உக்காந்திருந்தேன். எல்லாம் அவனோட கம்பிதான்" என்றாள் போடில், புகைபோட்ட மீனை ரொட்டியில் வைத்தபடி. இவ்வளவு அடக்கமான பெண் யாருக்குக் கிடைப்பாள் என்று எஸ்பெனுக்கு நெஞ்சு நிறைந்தது.

இருந்தாலும் இன்னொரு முறை உள்ளே அடைபட அவனுக்கு ஆசையில்லை. அதனால் கிளப்பின் தச்சன் ஈவரிடம், கதவின் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தான். பேச்சு சூடுபிடித்திருந்த நேரத்தில் ஈவர் இழைப்புளியும் கையுமாக வாசலில் வந்து நின்றான்.

"என்ன ஈவர், அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இழைக்க ஒண்ணுமே இல்ல, எஸ்பென். கதவு ஒரு விரலாலயே திறக்குது. வெளிப்பக்கமா புதுசா ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கீங்களே, அதைக் கழட்டவா, இருக்கட்டுமா?"