கூண்டுக்கொடியின் சொந்த ஊர்

“அப்ப மதுக்கரையில அந்தச் செடியே இல்லையா?” சஹீர் கேட்டதையே திரும்பக் கேட்டான்.

“இல்லைங்க.”

“இருக்குதுன்னு நீதான எழுதியிருக்கற?”

“எழுதியிருக்கறேன்.”

“பேப்பர்ல உன்ற போட்டோகூட வந்துச்சே! அத வெட்டிக் கடையில ஒட்டி வெச்சிருக்கறேன். டீ குடிக்க வர்றவங்களுக்கெல்லாம், ‘எங்க ஊட்டுக்காரி கண்டுபுடிச்சதுங்க’ன்னு சொல்லிட்டிருக்கறேன்!”

“அதக் கிழிச்சுப்போடுங்க,” என்று சொல்லிவிட்டு ரூபினா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரூபினா ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. சஹீருக்கு உக்கடத்தில் பேக்கரி. விடுமுறை வந்தால் மற்ற பெண்கள் ஊட்டிக்குப் போய்ப் படகு விடுவார்கள். இவள் ஆளில்லாத மலைகளில் குனிந்தபடியே நடப்பாள். ஒரு செடியை இதுவரை யாரும் பார்க்காத மலையில் பார்த்துவிட்டால் போதும், படமெடுத்து, ஒரு கிளையைத் தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்து, இடத்தின் பெயரோடு ஆய்விதழுக்கு அனுப்பிவிடுவாள். இந்தத் தொழிலில் செடியைவிட இடத்தின் பெயர்தான் முக்கியம். அந்த இடத்தைத்தான் இந்த முறை அவள் பொய்யாக எழுதியிருந்தாள்.

பேராசையில் செய்த பொய் அல்ல. கூண்டுக்கொடி என்பது மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற ஒரு மெல்லிய கொடி. பூ சின்னக் கூண்டு விளக்கு மாதிரி இருக்கும். கோபிசெட்டிபாளையத்துக்கு மேலே ஒரு மலையில் அது இருப்பதாக நாற்பது வருடங்களுக்கு முன் பேராசிரியர் ராமுலு எழுதி வைத்தார். வேறெங்கும் கிடையாது என்றும் எழுதினார். அதன்பிறகு யார் தேடியும் கிடைக்கவில்லை. அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில், ரூபினா அதே கோபி மலையில் ஒரு பள்ளத்துக்குள் கொஞ்சம் கொடிகளைப் பார்த்துவிட்டாள்.

சந்தோஷம் அன்று சாயங்காலம்வரைகூட நிலைக்கவில்லை. ‘இன்னும் இருக்கிறது’ என்று எழுதினால் மறுவாரமே கிழங்கு திருடுகிறவர்கள் கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். அபூர்வச் செடி என்றால் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பதற்குச் சொத்தை எழுதிக் கொடுக்கிற பித்தர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எழுதாமல் இருந்தாலோ இவளுக்குத் தலை வெடித்துவிடும். அதனால் கண்டதை எழுதினாள். கண்ட இடத்தை மட்டும் மாற்றி, மதுக்கரை மலை என்று போட்டுவிட்டாள். வெயிலில் காய்கிற அந்தக் குன்றில் திருடர்கள் ஆயுசு பூராவும் தேடட்டும், கோபியில் கொடி நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

நல்ல கணக்குத்தான். ராமுலு சார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் அவள் மறந்துவிட்டாள்.

இடத்தைப் பொய்யாக எழுதுகிறவர்களை ராமுலு சாருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு கருத்தரங்கில் அப்படி எழுதிய ஒருவரை எழுப்பி நிற்கவைத்து அவர் கேட்ட கேள்வியில், அந்த மனிதர் தாவரவியலுக்கே கும்பிடு போட்டுவிட்டு, இன்று காந்திபுரத்தில் செல்போன் உறை விற்கிறார். அப்பேர்ப்பட்ட ராமுலு சார்தான் காலையில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து போன் பண்ணியிருந்தார். குரல் நடுங்கியது.

“மதுக்கரைன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

“ஆரும் சொல்லலீங்க சார். நானே பாத்தனுங்க.”

“எந்தப் பக்கம்?”

“கெழக்குச் சரிவுங்க சார்,” என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

“கெழக்குச் சரிவா?” என்று சார் இரண்டு முறை கேட்டார். பிறகு, “ஞாயித்துக்கெழம வாரேன். நேர்ல காட்டுங்க,” என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து ரூபினாவுக்கு ஒரே யோசனைதான். இனி அவள் எந்த மலையில் எந்தச் செடியைக் கண்டு எழுதினாலும் யார் நம்புவார்கள்? இத்தனை வருடம் முள்ளிலும் பாறையிலும் அலைந்து எழுதியது எல்லாமே பொய் என்றாகிவிடும்.

“உண்மையச் சொல்லிப்போடு,” என்றான் சஹீர்.

“சொன்னா நானும் செல்போன் உறை விக்க வேண்டியதுதான்.”

“நம்ம பேக்கரியிலயே வெச்சு வித்துக்கலாம்.”

அவள் பார்த்த பார்வையில் சஹீர் எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் ரூபினா தானே சாருக்குப் போன் செய்தாள். “சார், அந்தக் கொடி காஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்க. நீங்க வந்தும் பிரயோஜனம் இல்லீங்க.”

“காஞ்சுபோச்சா?” சார் அலறினார். “ஐப்பசி மழையில எப்படிங்க காயும்? என்னமோ நடந்துபோச்சு! ஞாயித்துக்கெழமவரைக்கும் தாங்காது, சனிக்கெழமயே வாரேன்.”

இருந்த நாளில் ஒன்று போயிற்று. அந்தப் பதற்றத்தில் அடுத்த பொய் தானாக வந்து விழுந்தது.

“சார், அங்க சிறுத்த நடமாட்டம் இருக்குதுங்க.”

“சிறுத்தையா? அந்த மலையிலயா? இத்தன வருசத்துல நான் ஒண்ணக்கூடப் பாத்ததில்லையே!”

“இப்பத்தான் வந்திருக்குதுங்க சார்.”

“பயப்படாதீங்க. ரேஞ்சர் உதய் என்ற மாணவன்தான். சொல்லிப்போடறேன்.”

மாணவன் குருபக்தி உள்ளவன். அன்று சாயங்காலமே மலையடிவாரத்தில் ஓர் இரும்புக் கூண்டு வந்து இறங்கியது. உள்ளே ஓர் ஆட்டைக் கட்டினார்கள். ‘மதுக்கரையில் சிறுத்தை, மக்கள் பீதி’ என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. இரவு அந்தச் செய்தி ரூபினாவின் கல்லூரிக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. நேரில் பார்த்ததாக ஒருவர் சாட்சியும் சொல்லியிருந்தார். தான் பெற்ற சிறுத்தையைப் பற்றித் தானே படித்து ரூபினா ஆடிப்போனாள்.

“சனிக்கெழம ரேஞ்சரும் வாராருங்க,” என்றாள் சஹீரிடம், ஈனஸ்வரத்தில்.

“இன்னும் ரெண்டு பொய் சொன்னா கலெக்டரே வந்துருவாரு,” என்றான் சஹீர்.

மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. மலையில் கொடி இல்லை என்றால், கொடியை மலைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் காரில் கோபிக்கு ஓடினார்கள். பள்ளத்துக்குள் இறங்கி, ஒரே ஒரு கொடியை மட்டும், கிழங்கு அடிபடாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்தாள் ரூபினா. எடுக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் கொடியைக் காப்பாற்ற இவ்வளவு பொய் சொன்னாளோ, அதையே தோண்டும்படி ஆகிவிட்டதே! சஹீர் கார் டிக்கியிலிருந்து காலி ரஸ்க் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குள் கொடி உட்கார்ந்து பயணம் செய்தது.

மதுக்கரையில் கூண்டுக்குக் காவல் இருந்த ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆடு மட்டும் பார்த்தது. கிழக்குச் சரிவில் பாதி தூரம் ஏறி, ஒரு பாறையின் நிழலில் குழி பறித்து, கொடியை நட்டு, தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் சருகு தூவிவிட்டு இறங்கினார்கள்.

“பொறந்ததுல இருந்து இங்கயே நிக்கறாப்பல இருக்குது,” என்று சஹீர் தைரியம் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் ராமுலு சார் வந்தார். கூடவே மனைவி வெங்கடம்மாளும் வந்தார். சாருக்குச் சர்க்கரை, அதனால் ஃபிளாஸ்க்கும் மாத்திரை டப்பாவுமாக அந்த அம்மாள் இல்லாமல் அவர் வாசற்படி தாண்டுவதில்லை. சஹீர்தான் காரில் அழைத்துவந்தான். ஆர்.எஸ்.புரத்திலிருந்து மதுக்கரை வருவதற்குள் அந்த அம்மாள் அவனிடம் பேக்கரியின் பூர்வோத்திரம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவன் கொடுத்த ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்து, மலையடிவாரத்திலேயே ஒன்றைக் கடித்தார்.

“சோம்பு போட்டிருக்கறீங்களா தம்பி? நல்லா மணமா இருக்குதுங்க.”

“எங்க ஸ்பெஷல்ங்கம்மா. கோயமுத்தூர்ல வேற எங்கயும் இப்படிக் கெடைக்காதுங்க,” என்று சஹீர் பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமைதான் பின்னால் கழுத்தை அறுத்தது.

ரேஞ்சர் உதய் கூண்டுப் பக்கமே நின்றுவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

ராமுலு சார் யாருக்கும் காத்திருக்கவில்லை. ரூபினா வழி காட்டுவதற்கு முன்பே விறுவிறுவென்று ஏறினார். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கேட்காமலே இடதுபக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. ரூபினா இருந்த நிலையில் அதையெல்லாம் யோசிக்கவில்லை. சாருக்கே இவ்வளவு ஆத்திரம் என்றால் தனக்கு இன்றைக்குச் சமாதிதான் என்று நினைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

“எங்கீங்க? மேலயா?” சார் மூச்சு வாங்கக் கேட்டார்.

“இல்லீங்க சார். இதா, இந்தப் பாறைகிட்டங்க.”

“இங்கயா? மேல ரெட்டப்பாறைகிட்ட இல்லயா?”

“மேல நான் போனதே இல்லீங்க. வேணும்னா போயிப் பாக்கலாங்க சார், அங்கயும் இருக்கலாம்.”

“வேண்டாம், வேண்டாம்!” சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையை மறித்தார். “மேல ஆரும் போகக் கூடாது. சிறுத்த இருக்குது!”

சொன்ன பொய்யை இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு மனதார நம்புகிறாரே என்று ரூபினாவுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

சார் கொடிக்கு முன்னால் மண்டியிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்து இலையைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார். கூண்டுக்கொடியேதான். தலையசைத்தார். ரூபினா மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் சார் கீழே குனிந்து மண்ணைக் கையில் அள்ளினார்.

“இந்த மலையில மண்ணு வெள்ள வெளேர்னு சுண்ணாம்பாட்ட இருக்கும். இதென்னங்க, செடியச் சுத்தி மட்டும் செக்கச் செவேல்னு இருக்குது?”

ரூபினா சஹீரைப் பார்த்தாள். மழையில் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று சஹீர் ஏதோ முனகினான்.

“அது சரி. இத்தன எறும்பு எதுக்கு?” எறும்பு வரிசை போன இடத்தைச் சார் விரலால் கிளறினார். பழுப்பாக ஒரு துண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தத் தாவர நூலிலும் இல்லாத பொருள்.

வெங்கடம்மாள் எட்டிப் பார்த்தார். வாங்கி மோந்து பார்த்தார். கையிலிருந்த பாக்கெட்டையும் மோந்து பார்த்தார்.

“அட! சோம்பு ரஸ்க்குங்க! நம்ம தம்பி கடையிது!” என்றார், மிகுந்த சந்தோஷத்தோடு.

அந்த அம்மாளுக்கு மனதில் பட்டது அடுத்த நொடி வாய்க்கு வந்துவிடும். உலகத்துக்கு அதனால் என்ன நேரும் என்கிற கவலை அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ரூபினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“சார், மன்னிச்சுப்போடுங்க சார்! மதுக்கரையில கொடியே கெடையாதுங்க. நான் பாத்தது உங்க கோபி மலையிலதானுங்க. உண்மைய எழுதுனா வேரோட புடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து, ஊர மாத்தி எழுதிப்போட்டனுங்க. நீங்க வாரேன்னதும் அங்கிருந்து ஒண்ணத் தோண்டியாந்து நேத்துத்தான் நட்டு வெச்சனுங்க. சிறுத்தையும் பொய்யுங்க.”

கீழே ஆடு கத்தியது.

இப்போது நடந்ததுதான் சஹீருக்கு விளங்கவில்லை. சாரின் வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பியது. தூக்குமேடையிலிருந்து இறக்கிவிட்ட ஆள் மாதிரி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “அப்ப… நீங்க மதுக்கரையில நெசமாலுமே பாக்கல?” என்று கேட்டார்.

“சத்தியமாப் பாக்கலீங்க சார்.”

“மேல ரெட்டப்பாறைப் பக்கம் போகவே இல்ல?”

“இல்லவே இல்லீங்க சார்.”

சார் எழுந்தார். வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். பிறகுதான் அவருடைய பழைய கருத்தரங்குக் குரல் வெளியே வந்தது.

“வெக்கமா இல்லீங்க உங்களுக்கு? ஒரு ஊர்ல நிக்கற செடியத் தோண்டி இன்னொரு ஊர்ல நடறது! அதுதான் அதுக்கு ஊருன்னு பொய் எழுதறது! ஆராய்ச்சியாங்க இது? படிக்கிற புள்ளைங்க எல்லாம் அத நெசம்னு நம்பி வருசக்கணக்குல அலையோணுமா? இப்படிப்பட்ட ஆளு இந்தத் தொழிலுக்கே லாயக்கில்ல! நாளைக்கே அந்த இதழுக்கு நான் எழுதறனா இல்லியா பாருங்க! உங்க பேரு…”

ரூபினா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். வெங்கடம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பாதி ரஸ்க்கை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க இப்படி வையறீங்க? ஆராச்சும் வந்து புடுங்கிப்போடுவாங்கன்னு பயந்து, மேல ரெட்டப்பாறைக்குப் பின்னால நிக்கற கொடியில ஒரு கெழங்கத் தோண்டிக் கோபி மலையில நட்டுப்போட்டு, கோபின்னு எழுதுனதே நீங்கதானுங்களே!”